தட்டும் பந்தியும்

கனகம்மாசத்திரம் வழியாகப் போகிற திருப்பதி ரோட்டில் வருஷத்தில் பல மாதங்கள் யாராவது வெறுங்காலோடு நடந்துகொண்டே இருப்பார்கள். ஆடிக் கிருத்திகை சமயத்தில் காவடியோடு திருத்தணிக்கு. புரட்டாசியில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருமலைக்கு. ‘அரோகரா’வும் ‘கோவிந்தா’வும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறும். பாதிப் பேர் தமிழில் பேசுவார்கள், பாதிப் பேர் தெலுங்கில். திருத்தணி வட்டாரமே 1960-இல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எந்த மொழி பேசினாலும், எந்தச் சாமியைப் பார்க்கப் போனாலும், அவர்கள் காலில் செருப்பு இருக்காது. இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பழகியதுதான்.

அப்படிப் பழகிய கால்களோடுதான் கல்லூரி முடித்த வருஷம் ஒரு நண்பனின் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கத்தோலிக்கக் குடும்பம், கிராமத்துக் கோவில். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். நண்பன் சிரித்தான். “போட்டுக்கடா, இங்க கழட்டணும்னு இல்ல.” அவனுடைய ஆயா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காலிலும் செருப்பு இல்லை. “அவன் கழட்டுனா கழட்டட்டும், உனக்கென்னடா?” என்று பேரனை அதட்டினார். அந்த ஆயா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு கத்தோலிக்கர் திருப்பலியில் செருப்பைக் கழற்றலாம், மண்டியிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பிக் கும்பிடலாம் என்பதற்கு ரோமிலிருந்து ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு தமிழர் இருந்தார் என்பதும் தெரியாது.

*

துரைசாமி சைமன் லூர்துசாமி 1924 பிப்ரவரி 5 அன்று கல்லேரியில் பிறந்தார். புதுச்சேரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த கிராமம். கடலூரில் இளங்குருமடம், சென்னை லயோலா கல்லூரி, பெங்களூர் புனித பேதுரு குருமடம் என்று படித்து 1951 டிசம்பரில் குருவானார். ரோமுக்குப் போய்த் திருச்சபைச் சட்டம் படித்தார். திரும்பி வந்து ‘சர்வ வியாபி’ என்ற கத்தோலிக்க வார இதழை நடத்தினார். 1962-இல், 38 வயதில், பெங்களூரின் துணை ஆயரானார். ஆயராக அபிஷேகம் பெற்ற இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிவிட்டது.

அந்தச் சங்கம் எதை மாற்றியது என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய பூசையை நினைத்துப் பார்க்க வேண்டும். பாதிரியார் மக்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். எல்லாம் லத்தீன். கல்லேரியில் ஏர் ஓட்டுகிறவரும் பாரிஸில் வங்கி நடத்துகிறவரும் ஒரே வார்த்தைகளைக் கேட்பார்கள். ஏர் ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது. 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய ஆவணம் நிறைவேறியது. ஆதரவு 2147, எதிர்ப்பு 4. மக்களின் மொழியில் வழிபடலாம், அந்தந்த மக்களின் மரபுகளில் ஏற்கத்தக்கவற்றை உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது.

சொல்லிவிட்டார்கள், யார் செய்வது? இந்தியாவில் அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். லூர்துசாமி 1968-இல் பெங்களூர் பேராயரானார். இந்திய ஆயர் பேரவையின் திருவழிபாட்டுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவருடைய தம்பி அமலோற்பவதாஸ் பெங்களூரில் 1967-இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் நிறுவனர். தம்பி யோசித்தார், எழுதினார், பயிற்சி கொடுத்தார். அண்ணன் கையெழுத்துப் போட்டு ரோமுக்கு அனுப்பினார். 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் ஒப்புதல் கொடுத்தது. ‘பன்னிரண்டு அம்சங்கள்’ என்று அதைச் சொல்வார்கள்.

அந்தப் பட்டியலைப் படித்தால் ஏதோ நம் வீட்டு விசேஷத்துக்கு எழுதிய சாமான் சீட்டு மாதிரி இருக்கும். தரையில் உட்காரலாம், செருப்பைக் கழற்றலாம். மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பிக் குனிந்து வணங்கலாம். நெற்றி தரையில் படப் பஞ்சாங்கப் பிரணாமம் செய்யலாம். புனிதப் பொருட்களை முத்தமிடுவதற்குப் பதில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெழுகுவத்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு. அடுக்கடுக்கான ஐரோப்பிய உடைகளுக்குப் பதில் ஒரே அங்கியும் மேலே ஒரு துண்டும். கிண்ணத்துக்குக் கீழே விரிக்கிற வெள்ளைத் துணிக்குப் பதில் ஒரு தாம்பூலத் தட்டு. பூ, சாம்பிராணி, தீபம் கொண்டு ஆரத்தி.

தாம்பூலத் தட்டு என்ற சொல் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. வத்திக்கானின் காகிதம் ஒன்றில் நம் கல்யாண வீட்டுத் தட்டு போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. உன் அம்மா சாமி கும்பிட்ட விதத்தில் நீயும் கும்பிடலாம் என்று இன்னொருவர் உனக்கு அனுமதி கொடுத்தால், அது விடுதலையா, அவமானமா?

*

எதிர்ப்பு எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளலாம். இந்த மூன்றில் எதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

முதலாவது, கோவிலுக்குள்ளே இருந்த பக்தர்களின் எதிர்ப்பு. ‘நாங்க இந்து மதத்தை விட்டு வந்தவங்க. மறுபடி எங்களை அங்கயே கொண்டுபோய் விடறீங்களா?’ ஆயர்களின் சம்மதம் முறையாகக் கேட்கப்பட்டதா என்ற சண்டையும் கூடவே நடந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பழமைவாதம். ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. சடங்கு என்பது நாம் உண்டாக்குவதல்ல, நமக்குக் கொடுக்கப்படுவது. பாட்டி கையைப் பிடித்துச் சிலுவை போடச் சொல்லிக்கொடுத்த குழந்தைக்கு அந்தச் சிலுவை ஐரோப்பாவிலிருந்து வந்தது இல்லை, பாட்டியிடமிருந்து வந்தது. மூன்று நூற்றாண்டு மண்டியிட்டபின் மண்டியிடுவதும் தமிழ்தான். குழு கூடி முடிவெடுத்து ஒரு சடங்கைக் கொண்டுவரும்போது அதில் ‘இன்னாரால், இன்ன தேதியில்’ என்ற முத்திரை விழுந்துவிடுகிறது.

இரண்டாவது, இந்துக்கள் சிலரின் எதிர்ப்பு. கலசமும் காவியும் விளக்கும் எங்களுடையவை, அவற்றை எடுத்துக்கொள்வது மரியாதையா, ஏமாற்றா? சீதாராம் கோயல் 1980-களில் கத்தோலிக்க ஆசிரமங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு இதில் பாதி உடன்பாடு. விளக்கு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவருடைய வழிபாட்டுச் சின்னத்தை எடுக்கும்போது அதன் நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டு அழகை மட்டும் எடுத்தால், அதில் ஏதோ நெருடுகிறது.

மூன்றாவது எதிர்ப்பு ரோமிலிருந்தே வந்தது. பன்னிரண்டு அம்சங்களோடு நிற்காமல், இந்தியாவுக்கென ஒரு நற்கருணை மன்றாட்டு எழுதிப் பார்த்தார்கள். வழிபாட்டில் விவிலியம் அல்லாத இந்திய மறைநூல்களையும் வாசித்துப் பார்த்தார்கள். 1975-இல் கர்தினால் ஜேம்ஸ் நாக்ஸ் இரண்டையும் நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். இந்த நாக்ஸ் 1957 முதல் பத்து ஆண்டுகள் இந்தியாவில் பாப்பரசரின் தூதராக இருந்தவர். விளக்கு ஏற்றலாம், தட்டு வைக்கலாம், சொல்லைத் தொடாதே என்பதுதான் அதன் பொருள். வீட்டு மருமகளிடம் ‘கோலம் உன் இஷ்டத்துக்குப் போடும்மா, சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்’ என்பது போல.

*

இந்தக் கடிதம் வந்தபோது லூர்துசாமி பெங்களூரில் இல்லை. 1971-இலேயே அவரை ரோமுக்கு அழைத்துக்கொண்டார்கள். உலகெங்கும் மறைபரப்புப் பணியைக் கவனிக்கும் பேராயத்தில் முதலில் இணைச் செயலர், 1973 முதல் செயலர். 1985 மே 25 அன்று கர்தினால். தமிழ்நாட்டிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அதே வருஷம் அக்டோபரில் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவரானார். வத்திக்கானின் துறை ஒன்றுக்கு ஒரு இந்தியர் தலைவரானது அதுவே முதல் முறை.

இங்கேதான் அவர் வாழ்க்கை எனக்குப் பெரிய புதிராகிறது. கத்தோலிக்கம் என்றால் ஒரே ரோமானிய முறைதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரோமோடு ஒன்றியிருந்தாலும் தனக்கென்று பழைய வழிபாட்டு முறை வைத்திருக்கிற கீழைத் திருச்சபைகள் இருபதுக்கும் மேல் உண்டு. கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபை அதில் ஒன்று. போர்ச்சுக்கீசியர் வந்து அவர்கள் வழிபாட்டை லத்தீன்மயமாக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அதைச் சரிசெய்யலாம் என்று வந்தபோது இரண்டு கட்சி ஆனது. போர்ச்சுக்கீசியருக்கு முன்பிருந்த பழைய சிரியக் குர்பானாவை அப்படியே மீட்க வேண்டும் என்றது ஒன்று. சிரியாவும் நமக்கு அந்நியம்தானே, இந்தியத்தன்மையோடு புதிதாக்குவோம் என்றது இன்னொன்று. இரண்டாவது கட்சியின் பெருங்குரல் எறணாகுளத்தின் கர்தினால் ஜோசப் பாரேக்காட்டில்.

ரோம் முதல் கட்சியின் பக்கம் சாய்ந்தது. மீட்டெடுத்த பழைய முறைப்படியான ஆடம்பரக் குர்பானாவை 1986 பிப்ரவரி 8 அன்று கோட்டயத்தில் இரண்டாம் யோவான் பவுல் தொடங்கிவைத்தார். அந்த நேரத்தில் அதற்குப் பொறுப்பான ரோமின் துறைக்குத் தலைவர் லூர்துசாமி. 1969-இல் ‘எங்கள் மக்களுக்கு அவர்களுடைய உடல்மொழியைக் கொடுங்கள்’ என்று கேட்டுக் கடிதம் எழுதியவர், 1986-இல் ‘பழைய முறையே உங்கள் முறை’ என்று சொல்லும் அலுவலகத்தின் நாற்காலியில் இருந்தார். 1991 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

இதை முரண்பாடு என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விண்ணப்பம் எழுதுகிற பக்கத்திலும் உட்கார்ந்து, விண்ணப்பத்தைப் படிக்கிற பக்கத்திலும் உட்கார்ந்தவருக்கு ஒன்று தெரிந்திருக்கும்: இரண்டு பக்கத்திலும் ‘மக்களுடைய மரபு’ என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். எது மரபு, யார் மக்கள் என்பதை முடிவு செய்கிற கைதான் வேறு. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. பாதிரியார் எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்பதற்கு 2021-இல் சீரோ மலபார் ஆயர்கள் ஒரு சமரசம் கொண்டுவந்தார்கள்: தொடக்கத்தில் மக்களைப் பார்த்து, நடுவில் பீடத்தைப் பார்த்து, கடைசியில் மறுபடி மக்களைப் பார்த்து. எறணாகுளத்தில் அதை ஏற்க மறுத்துக் கைகலப்பு வரை போய், 2022 இறுதியில் அங்கிருந்த புனித மரியா பசிலிக்காவையே மூட வேண்டியதானது. ஒரு மனிதர் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பதற்காகவா இத்தனை என்று கேட்கலாம். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைவிட மனிதனுக்கு வேறென்ன பெரிய விஷயம் இருக்கிறது?

*

ஆனால் என்னைத் தூங்கவிடாத கேள்வி இந்த மூன்று எதிர்ப்பிலும் இல்லை. அதைக் கேட்டவர்கள் வேறு.

பன்னிரண்டு அம்சங்களின் வார்த்தைகளை மறுபடி பாருங்கள். அஞ்சலி ஹஸ்தம். பஞ்சாங்கப் பிரணாமம். ஆரத்தி. அங்கவஸ்திரம். நம் கிராமத்துக் கத்தோலிக்கர் ‘கும்பிடுறேன் சாமி’ என்பார். அவருடைய கும்பிடு ரோமுக்குப் போய்த் திரும்பி வரும்போது அஞ்சலி ஹஸ்தமாக வந்தது. அதே நேரம், யார் அனுமதியும் கேட்காமல் அவர் செய்துகொண்டிருந்தவை ஏராளம். வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போகிறார். மொட்டை அடிக்கிறார். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கிற திருவிழாவில் தேர் இழுக்கிறார். மக்கள் ஏற்கெனவே தங்கள் உடம்போடுதான் கோவிலுக்கு வந்திருந்தார்கள். பட்டியல் போட்டவர்கள் ‘இந்தியப் பண்பாடு’ என்று தேடியபோது அவர்கள் கண் போன இடம் வேளாங்கண்ணிச் சாலை அல்ல, சம்ஸ்கிருதம். அந்தப் பட்டியலில் பறை இல்லை.

இதைத்தான் 1980-களிலிருந்து தலித் இறையியலாளர்கள் கேட்டார்கள்: பண்பாட்டுமயமாக்கல் என்கிறீர்களே, யாருடைய பண்பாடு? எந்த ஆசாரத்திலிருந்து தப்பித்து எங்கள் தாத்தன் ஞானஸ்நானம் வாங்கினாரோ, அதே ஆசாரத்தின் விளக்கைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் ஏற்றுகிறீர்களே? மதுரையில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், பரட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளை விட்டுவிட்டு நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்தார். அவர் கத்தோலிக்கர் அல்ல, ஆனால் கேள்வி ஒன்றுதான். ஒரே உலையில் எல்லோருக்கும் சோறு பொங்கித் தின்பதுதான் அவருடைய இறையியலின் மையப் படிமம்.

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்து, மரக்கறி தின்று, சந்நியாசியாக வாழ்ந்தார். மதம் மாறியவர் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடி, 1623-இல் ரோமின் ஒப்புதலும் வாங்கினார். ஐரோப்பியத் திமிருக்கு எதிராக அது பெரிய காரியம். ஆனால் அந்த வழி ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் போக முடியாத வழியாகவும் ஆனது. அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்று தனிப் பாதிரிமார் வரவேண்டியிருந்தது. பிறகு புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704-இல் நொபிலி வழிச் சடங்குகள் பலவற்றுக்குத் தடை போட்டார். அதே ஆணையில், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குப் பாதிரியார்கள் நேரில் போகவேண்டும் என்றும் சொன்னார். தமிழ்ப் பண்பாட்டை மதிக்கத் தெரியாத அந்நியர் என்று நாம் திட்டுகிற அதே ஆள்தான், அந்தப் பண்பாடு மூடி வைத்திருந்த கதவையும் பார்த்தார். யாரை நல்லவர் என்பது?

வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கோவில் கட்டினார்கள். இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி, கவட்டை மாதிரி இரண்டு கூடங்கள். நடுவில் சுவர். 1910-வாக்கில்தான் அந்தச் சுவர் இடிந்தது. சுவர் இருந்த காலத்தில் அந்தப் பூசை லத்தீனில்தான் நடந்தது. அதில் ஒரு துளி இந்து மதமும் கிடையாது. உலகம் முழுக்க எப்படியோ அப்படியே, எழுத்துப் பிசகாத பூசை. ஆனால் தமிழ்நாட்டின் மிக ஆழமான பண்பாடு உள்ளே வந்து, சுவராக நின்றுகொண்டிருந்தது. அதற்கு ரோமின் கடிதம் தேவைப்படவில்லை.

2008 மார்ச் மாதம் எறையூர். லூர்துசாமி பிறந்த அதே புதுச்சேரி கடலூர் மறைமாவட்டம். கோவில் போகும் பிரதான தெருவில் தங்கள் இறந்தவர்களை எடுத்துப் போக முடியாத தலித் கத்தோலிக்கர்கள், தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர்கள் எதிர்த்தார்கள். வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் 2 பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். அந்த மறைமாவட்டத்தின் மகன் ஒருவர், வழிபாட்டுக்குள் பண்பாட்டைக் கொண்டுவர முதல் கடிதம் எழுதியவர், அப்போது கர்தினாலாக ரோமில் இருந்தார். 84 வயது.

*

நான் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 1969-இல் அவர் கேட்டது நியாயமான கேள்வி. வெள்ளைக்காரன் மண்டியிடுவதைப் போல மண்டியிட்டால்தான் கடவுளுக்குக் கேட்குமா? கேட்காமல் இருந்திருந்தால் தப்பு. என் சங்கடம், அந்தக் கேள்வி பாதியில் நின்றுபோனதில்தான்.

பக்கத்துக் கோவில்களில் அதே காலத்தில் நடந்ததை வைத்துப் பார்க்கலாம். தமிழில் அர்ச்சனை வேண்டும் என்ற கேள்வியும், எல்லாச் சாதியாரும் அர்ச்சகராக வேண்டும் என்ற கேள்வியும் தமிழ்நாட்டில் சேர்ந்தே எழுந்தன. 1970-இல் அர்ச்சகர் வேலைக்கு வாரிசு உரிமை இல்லை என்று சட்டசபை திருத்தம் கொண்டுவந்தது. முதல் கேள்விக்கு ஒப்புக்கொள்வது ஒப்பீட்டளவில் சுலபம். தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கில் 2020-இல் தமிழும் ஒலித்தது. இரண்டாவது கேள்வி பல பத்தாண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்து, 2021-இல் சிலருக்குப் பணி ஆணை கிடைத்தபிறகும் வழக்குகள் ஓயவில்லை. எந்த மொழியில் கும்பிடுவது என்பதை மாற்ற மனசு வருகிறது. யார் உள்ளே நின்று பூ போடுவது என்பதை மாற்ற வருவதில்லை. கோவிலுக்கும் சர்ச்சுக்கும் இதில் வித்தியாசமே இல்லை.

தாம்பூலத் தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ‘தட்டு மாத்தியாச்சு’ என்றால் என்ன அர்த்தம்? சாதி, கூட்டம், பங்காளி முறை எல்லாம் பார்த்து ஒத்துவந்தாயிற்று என்று அர்த்தம். அந்தத் தட்டு வெறும் பித்தளை இல்லை. அதைப் பீடத்தில் வைக்கும்போது அதில் ஒட்டியிருப்பதும் சேர்ந்துதான் மேலே ஏறும். கழுவாமல் வைத்தால் அப்படித்தான். கழுவுவது எப்படி? திருப்பலி அடிப்படையில் ஒரு சாப்பாடு. ஒரு அப்பத்தை உடைத்து எல்லோருக்கும் கொடுப்பது. சாப்பாட்டில் தட்டு எந்த ஊர்த் தட்டு என்பதற்கு முன்னால், பந்தியில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. பன்னிரண்டு அம்சங்கள் தட்டை மாற்றின. பதின்மூன்றாவதாகப் பந்தி இருந்திருக்க வேண்டும்.

ஒரு சடங்கு நம்முடையதா என்பதற்கு அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்ப்பது சரியான சோதனை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். சிலுவை போடுவது வெளியிலிருந்து வந்து பாட்டியுடையதானது. சுவர் இங்கேயே பிறந்து யாருக்கும் ஆகாததாக இருந்தது. கூடியிருப்பவர்களில் ஒருவர்கூட ஒதுங்கி நிற்காமல் அதைச் செய்ய முடிகிறதா? முடிந்தால் அது லத்தீனில் இருந்தாலும் நம்முடையது. முடியாவிட்டால் சுத்தத் தமிழில் இருந்தாலும் அது ஒரு தரப்பின் சொத்து.

லூர்துசாமி 2014 ஜூன் 2 அன்று ரோமில் காலமானார், 90 வயதில். தம்பி அமலோற்பவதாஸ் 1990-லேயே சாலை விபத்தில் போய்விட்டார். 2022-இல், எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற எல்லைக்கு அந்தப் பக்கம், தெலுங்குக்காரரான ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். முதல் தலித் கர்தினால் என்று செய்திகள் வந்தன. பந்தியின் மேல்வரிசையில் ஒரு இலை போட்டிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். பூசை முடிந்து எல்லோரும் போட்டோவுக்கு நிற்கும்போது ஆயா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள், நன்றாக இருந்தது என்றேன். “ஆமா, இப்போல்லாம் வெளக்கு வெக்கிறாங்க” என்றார். பிறகு கோவிலின் இடது பக்க ஓரத்தைக் கையால் காட்டினார். “எனக்குக் கல்யாணம் ஆனப்ப எங்காளுங்களுக்கு அந்த ஓரந்தான். நன்மை வாங்கறதுகூட அவங்கள்லாம் வாங்கி முடிச்ச பெறவுதான்.” கோபமாகச் சொல்லவில்லை. எந்த வருஷம் எந்தத் தூண் என்று இடம் காட்டுகிற மாதிரி சொன்னார். “இன்னிக்கு எம் பேத்தி நடுவுல நடந்து போனா பாத்தியா?”

பார்த்தேன் ஆயா என்றேன்.